சிறுவர் சைக்கிளுக்கு நெடும்பயண டயர்



நெடும்பயணத்துக்காகச் சிறுவர் சைக்கிளின் டயரை மாற்றும்போது முதலில் படிக்க வேண்டியது பழைய டயரின் பக்கவாட்டில் புடைப்பாக இருக்கும் எண்கள். ஏழு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகள் ஓட்டுபவை பெரும்பாலும் 20 இஞ்ச் வண்டிகள். ஆனால் 20 இஞ்ச் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் உண்டு. 20 × 1.75 என்று புள்ளி வைத்து எழுதிய டயர் 406 மில்லிமீட்டர் ரிம்மில் உட்காரும். 20 × 1 3/8 என்று பின்னமாக எழுதிய டயருக்கு 451 மில்லிமீட்டர் ரிம் வேண்டும். கணக்குப் புத்தகத்தில் 1.375-ம் 1 3/8-ம் ஒன்றுதான். சக்கரத்தில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஏறாது. அமெரிக்காவில் சைக்கிள் மெக்கானிக்காக இருந்து உலகத்துக்கே சைக்கிள் நுட்பம் சொல்லிக்கொடுத்த ஷெல்டன் பிரவுன் இதை ஒரு விதியாகவே எழுதிவைத்தார். 24 இஞ்சில் குழப்பம் இன்னும் கூடுதல்: 507, 520, 540, 547 என்று நான்கு வகை ரிம் உண்டு. ஆகவே நம்ப வேண்டிய எண் 47-406 என்பது போல நடுவில் கோடு போட்டு அச்சிட்டிருப்பது. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். கடையில் அந்த இரண்டாவது எண்ணைச் சொல்லிக் கேட்டால் தவறான டயர் கைக்கு வராது.

406 அளவு வண்டி வைத்திருப்பது பிள்ளைகளின் அதிர்ஷ்டம் என்றே சொல்லலாம். பெரியவர்கள் ஓட்டும் மடக்கு சைக்கிள்கள் பலவற்றிலும், சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளிலும், சைக்கிளோடு இழுத்துச் செல்லும் டிரெய்லர்களிலும் இதே ரிம்தான். அதனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணத்துக்கென்று செய்த நல்ல டயர்கள் இந்த அளவில் கிடைக்கின்றன. ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான், பிக் ஆப்பிள் ஆகியவை அவற்றில் சில. 24 இஞ்ச் வண்டிக்கு இவ்வளவு வகை கிடையாது. சின்னச் சக்கரம் தூரப் பயணத்துக்கு உதவாது என்ற எண்ணமும் சரியல்ல. 1962-ல் இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்டன் 16 இஞ்ச் சக்கரங்களோடு பெரியவர்களுக்கான சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நல்ல டயரும் அதிர்வு தாங்கும் அமைப்பும் இருந்ததால் அது பெரிய சக்கர வண்டிகளுக்கு ஈடுகொடுத்து ஓடியது.

புதிதாக வாங்கும் சிறுவர் சைக்கிளோடு வருவது அநேகமாகப் பட்டன் டயர், 1.95 அல்லது 2.125 இஞ்ச் அகலம். சேற்றிலும் உழுத மண்ணிலும் அந்தப் பட்டன்கள் பிடி தரும். தார் ரோட்டில் ஒவ்வொரு பட்டனும் அமுங்கி, வளைந்து, மறுபடி நிமிர வேண்டும். அதற்கு ஆகும் பலம் முழுவதும் மிதிப்பவரின் காலிலிருந்துதான் போகிறது. ஜெர்மனியின் பாசாவ் நகரத்திலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் நதியை ஒட்டிப் போகும் சைக்கிள் பாதையை எடுத்துக்கொள்ளலாம். 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பாதை பெரும்பகுதி சமதளம், பெரும்பகுதி தார். குடும்பம் குடும்பமாக ஓட்டுகிறார்கள். அங்கே ஒரு நாளில் 40 கிலோமீட்டர் போனால் 20 இஞ்ச் சக்கரம் சுமார் 26,000 தடவை சுற்றும். கூட வரும் அப்பாவின் பெரிய சக்கரம் 18,500 தடவைதான். ஒரு சுற்றில் வீணாகும் சிறு பலம் சாயங்காலத்துக்குள் எவ்வளவாகப் பெருகும் என்பதை இதிலிருந்து கணிக்கலாம்.

ஆகவே தார் ரோட்டுக்கு வேண்டியது பட்டன் இல்லாத மொட்டை டயர். அது மழையில் வழுக்கும் என்று வீட்டில் பயப்படுவார்கள். கார் விஷயத்தில் அந்தப் பயம் நியாயமானது. அகலமான, தட்டையான கார் டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்துவிடும். அதை வெளியேற்றத்தான் டயரில் வரிகள் போடுகிறார்கள். சைக்கிள் டயர் ஒடுக்கமானது, வளைந்தது. தண்ணீரைத் தானே இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளும். விமான டயர்களுக்காக வகுத்த கணக்குப்படி, 30 பவுண்டு காற்றுள்ள டயர் தண்ணீரின் மேல் மிதக்க மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் வேண்டும். எந்தப் பிள்ளையும் அந்த வேகத்தில் மிதிப்பதில்லை. ஈரத்தில் வழுக்குவது வெள்ளைக்கோட்டுப் பெயின்டிலும் இரும்பு மூடியிலும்தான். அங்கே பட்டன் இருந்தாலும் வழுக்கும்.

அகலமும் காற்றும்தான் இந்த விஷயத்தின் உயிர். பெரியவர்களுக்குச் சொல்லும் ஆலோசனையை அப்படியே பிள்ளைகளுக்கும் பொருத்துவதில்தான் தவறு நடக்கிறது. டயர் ரோட்டைத் தொடும் பரப்பு, அதன் மேல் இறங்கும் எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் ஏறக்குறைய வந்துவிடும். 28 கிலோ எடையுள்ள பிள்ளை, 12 கிலோ வண்டி, 3 கிலோ பை: மொத்தம் 43 கிலோ. இதில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது சுமார் 26 கிலோ, பின் சக்கரத்தில் இறங்கும். டயரில் 30 பவுண்டு காற்று இருந்தால் ரோட்டைத் தொடும் பரப்பு சுமார் 12 சதுர சென்டிமீட்டர். அப்பா, வண்டி, மூட்டை எல்லாம் சேர்த்து 105 கிலோ என்றால், அவருடைய பின் டயரில் 75 பவுண்டு காற்று இருக்கும்போதுதான் அதே 12 சதுர சென்டிமீட்டர் வரும். பிள்ளையின் டயரிலும் 75 பவுண்டு அடித்துவிட்டால் அந்தப் பரப்பு 5 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கும். டயர் கல்போல் ஆகி, ஒவ்வொரு சிறு கல்லிலும் வண்டி துள்ளும், கை மரத்துப்போகும், துள்ளும் வண்டி வேகமாகவும் போகாது.

இதைச் சோதிக்க ஒரு ஸ்கேல் போதும். ஆள் ஏறாமல் ரிம்மின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். பிள்ளையை ஏற்றி, பையையும் மாட்டி மறுபடி அளக்க வேண்டும். உயரம் சுமார் 15 சதவீதம் குறைந்தால் காற்று சரி என்பது, பல ஆண்டுகள் டயர்களை அளந்து எழுதிய ஃபிராங்க் பெர்ட்டோ காட்டிய வழி. 47 மில்லிமீட்டர் டயரில் அது 7 மில்லிமீட்டர். கொஞ்சமும் அமுங்கவில்லை என்றால் காற்று அதிகம்.

பல டயர்களில் குறைந்த அளவு, அதிக அளவு என்று இரண்டு அழுத்தங்கள் அச்சிட்டிருக்கும். கீழ் எல்லைக்குக் கீழே போகக் கூடாது. ஆகவே பிள்ளைக்கு வாங்கும்போது எல்லோரும் பார்க்கும் மேல் எல்லையை விட்டுவிட்டுக் கீழ் எல்லையைப் பார்ப்பதே முறை. 28 மில்லிமீட்டர் ஒல்லி டயரில் அது எடை குறைந்தவருக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். 50 மில்லிமீட்டர் வழவழப்பு டயர்களில் 30 பவுண்டு அளவிலேயே தொடங்குவதும் உண்டு. தார் மட்டும் என்றால் 40 மில்லிமீட்டர், இடையிடையே ஜல்லி ரோடும் வரும் என்றால் 47 முதல் 50. இதைவிட ஒல்லியாகப் போக நெடும்பயணத்தில் காரணமே இல்லை.

சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் வந்ததே ஒரு பிள்ளைக்காகத்தான். பெல்ஃபாஸ்ட் நகரத்தில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், கெட்டி ரப்பர் சக்கரத்தில் மகன் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக் குலுங்குவதைக் குறைக்கவே அதைச் செய்தார். 1888-ல் காப்புரிமை பெற்றார். மகனின் டயரை மெத்தென்று ஆக்கத்தான் அவர் பாடுபட்டார் என்பதைக் காற்றடிக்கும் கை மறக்கலாகாது.

அடுத்தது டயரின் உடம்பு. விரலால் அழுத்தினால் இணங்கி மடியும் டயர் லேசாக உருளும். விறைத்து நிற்பது பலத்தைத் தின்னும். பஞ்சர் தடுக்க டயருக்குள் வைக்கும் ரப்பர் பட்டை தடிமனாக இருந்தால் டயர் விறைக்கும், எடையும் கூடும். பெரியவருக்கு அது பொருட்டல்ல, 28 கிலோ பிள்ளைக்குப் பெரிய சுமை. மெல்லிய பட்டை உள்ளதே போதும். தமிழ்நாட்டுச் சாலையோரத்தில் சீமைக்கருவேல முள் கிடக்கும் பகுதியில் ஓட்டுவதானால் மட்டும் கனத்த பட்டையைச் சகித்துக்கொள்ளலாம்.

ஒல்லி டயர் போட்டால் வண்டியின் சுபாவமும் கொஞ்சம் மாறும். 2.125 இஞ்ச் டயரை எடுத்துவிட்டு 40 மில்லிமீட்டர் போட்டால் ஒரு சுற்றில் வண்டி போகும் தூரம் ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும். மேடு ஏற அது நல்லது. பெடல் தரைக்கு 14 மில்லிமீட்டர் நெருங்கிவிடுவதால், திருப்பத்தில் உள்பக்கப் பெடலை மேலே தூக்கிவைக்கப் பழக வேண்டும்.

ரிம்மையும் பார்க்காமல் விடக் கூடாது. விலை குறைந்த வண்டிகளின் ரிம்மில் டயர் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி வளைவு இருக்காது. அதில் காற்றை ஏற்றிக்கொண்டே போனால் டயர் கழன்று டியூப் வெடிக்கும். ஸ்போக்ஸ் முனைகள் டியூபைக் குத்தாமல் ரிம் டேப் முழுதாக இருக்க வேண்டும். டியூபும் புது டயரின் அகலத்துக்கு ஏற்றதாக வேண்டும். வால்டியூப் போட்ட பழைய மவுத்தில் காற்றைச் சரியாக அளக்க முடியாது. கார் டியூபில் இருப்பது போன்ற மவுத்து உள்ள டியூப் வாங்கினால் பெட்ரோல் பங்கிலும் கேஜ் வைத்துப் பார்க்கலாம். மாட்டி முடித்ததும் பாதிக் காற்றோடு சக்கரத்தைச் சுற்றவிட்டு, ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தெரிகிறதா என்று கவனித்த பிறகே மீதிக் காற்று.

பின் டயர்தான் முதலில் தேயும். உள்நூல் தெரிய ஆரம்பித்தால் அதைக் கழற்றிவிட்டு, முன் டயரைப் பின்னால் மாட்டி, புது டயரை முன்னால் போட வேண்டும். முன் டயர் வெடித்தால் வண்டியை நிலைநிறுத்துவது கடினம். அதனால் நல்ல டயரின் இடம் எப்போதும் முன் சக்கரம்.