அந்தக் கண்ணைக் கட்டாதே

தில்லை நகர்,
திருச்சி – 18.

அன்புள்ள தம்பிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய ஹீட்டர் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிராம்ப்டனில் மைனஸ் பதினைந்து, கை விறைத்துப்போய் பிரேக் பேட் மாற்ற முடியவில்லை, ஹீட்டரோ அரை மணி நேரம் ஓடிவிட்டுத் தானாக அணைந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய். கடைசியில் போகிற போக்கில் இன்னொரு வரி: "சென்சார் ஒயர் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால் நிற்காமல் ஓடும் என்று ஃப்ரெண்ட் சொல்கிறான், ஞாயிற்றுக்கிழமை செய்துவிடுவேன்." அந்த வரிக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் சரி சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய்.

அந்த ஒயரைத் தொடாதே. மற்றதெல்லாம் பிறகு.

உன்னிடம் இருப்பது மண்ணெண்ணெயில் ஓடும் நீளக் குழாய் ஹீட்டர். பின்னால் ஃபேன், முன்னால் தீ. அந்தக் குழாய்க்குள் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு கண் இருக்கிறது. பெரும்பாலும் கேட்மியம் சல்ஃபைடு வைத்த ஒளியுணரி. வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை இறங்கும், இருட்டானால் ஏறும். தீ எரிகிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் அதன் ஒரே வேலை. தீ மங்கினால் கன்ட்ரோல் போர்டு மோட்டாரை நிறுத்தும், எண்ணெய் வருவதும் நின்றுவிடும். ஒயரை முறுக்கினால் தீ எப்போதும் எரிவதாகவே போர்டு நம்பும். தீ அணைந்த பிறகும் மண்ணெண்ணெய் சூடான தகட்டின் மேல் தெளித்துக்கொண்டே இருக்கும். அது ஆவியாகிக் குழாய் நிறைந்து ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். பக்கத்தில் உன் கார், அதன் டாங்கில் பெட்ரோல்.

செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்போடு 1965-ல் திருவெறும்பூரில் எழுந்த பெல் பாய்லர் பிளாண்டில்தான் நான் வேலை கற்றுக்கொண்டேன் என்பது உனக்குத் தெரியும். தூத்துக்குடி, மேட்டூர் அனல்மின் நிலையங்களில் நிற்கும் 210 மெகாவாட் பாய்லர்களுக்குள்ளும் இதே கண்தான் இருக்கிறது. அங்கே அதற்கு ஃப்ளேம் ஸ்கேனர் என்று பெயர். மட்டத்துக்கு மட்டம் வைத்திருப்பார்கள். தீயைக் காணோம் என்று அவை சொன்ன நொடியில் எண்ணெயும் நிலக்கரியும் நின்று பாய்லர் ட்ரிப் ஆகிவிடும். உடனே மறுபடி பற்றவைக்க முடியாது. குறைந்தது ஐந்து நிமிடம் பெரிய ஃபேன்களை ஓட்டி, உள்ளே தங்கிய எரிவாயுவை வெளியே தள்ளிய பிறகுதான் எண்ணெய்த் துப்பாக்கியைத் திறக்க அனுமதி கிடைக்கும். பர்ஜ் என்போம். ஒரு மணி நேரம் நின்றால் 2,10,000 யூனிட் மின்சாரம் போச்சு. ஊரே இருட்டில் கிடந்த மின்தட்டுப்பாட்டுக் காலத்திலும் அந்தப் பர்ஜைக் குறைத்துக்கொள்ள வழி கிடையாது. ட்ரிப் ஆனால் முதல் கேள்வி "எப்படி ஓட்டுவது" என்று இருக்காது, "எது நிறுத்தியது" என்றுதான் இருக்கும். நீயும் அங்கிருந்தே ஆரம்பி.

எது நிறுத்தியது என்பதற்கு நேரம்தான் முதல் சாட்சி. பற்றிய சில நொடியிலேயே நின்றால் சந்தேகம் கண்ணின் மேல். சில நிமிடம் ஓடித் திக்கித் திக்கி நின்றால் எண்ணெய் அல்லது காற்றழுத்தம். நன்றாக ஓடி அறை சூடானதும் நின்றால் தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்திருக்கிறது, அது பழுதே இல்லை. நீ சொல்வது இவற்றில் எதிலும் முழுதாக ஒட்டவில்லை. அரை மணி நேரம் ஓடுகிறது, தீ மஞ்சளாகிறது, உன் கண் எரிகிறது, ஹீட்டர் நிற்கிறது. மறுபடி போட்டால் சில நொடிதான் தாங்குகிறது. போன வாரம் உன் நண்பன் வண்டியை உள்ளே ஏற்றக் கராஜ் கதவைப் பாதி தூக்கி வைத்திருந்த அன்று மட்டும் சாயங்காலம் முழுக்க ஓடியது என்றும் எழுதியிருக்கிறாய். அதை நீ ஏதோ அதிர்ஷ்டம் போல எழுதியிருக்கிறாய் தம்பி. விடையே அதில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் முழுதாக எரிய ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்று வேண்டும். உன் ஹீட்டர் லேபிளில் 75,000 பி.டி.யு. என்று இருக்கிறது. அப்படியானால் மணிக்கு 2 லிட்டருக்கு மேல் குடிக்கும், 20 கன மீட்டருக்கு மேல் காற்றையும் தின்னும். ஒரு கார் நிற்கும் கராஜில் மொத்தமே 50 கன மீட்டர் சொச்சம் காற்றுதான். குளிர் வராதபடி நீ கதவு இடுக்கில் எல்லாம் ரப்பர் பட்டை ஒட்டி அடைத்துவிட்டாய். அரை மணி நேரத்தில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 17-ஐ நெருங்கிவிடும். தீ தளர்ந்து மஞ்சளாகும், கரி கக்கும். அந்தக் கரி கண்ணின் மேல் படியும். மறுபடி பற்றவைக்கும்போது நல்ல தீயையே அந்தக் கண்ணால் பார்க்க முடிவதில்லை. சில நொடியில் நிற்பதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆக, கண்ணைத் துடைக்க வேண்டும், கட்டக் கூடாது. பிளக்கைப் பிடுங்கு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருபோதும் பிடுங்காதே. சுவிட்சை அணைத்து ஃபேன் தானாக ஓடிக் குளிர்ந்து நின்ற பிறகுதான். மேல் தகட்டைத் திறந்தால் கண் அதன் பிடியில் உட்கார்ந்திருக்கும். மெல்லக் கழற்றிப் பஞ்சில் கொஞ்சம் ஆல்கஹால் தொட்டுத் துடை. திரும்ப மாட்டும்போது அது தீயை நேராகப் பார்க்கிறதா என்று கவனி. கொஞ்சம் திரும்பியிருந்தாலும் குழாய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு தீ இல்லை என்று சொல்லும்.

திறந்ததுதான் திறந்தாய், காற்று ஃபில்டர்களையும் பார்த்துவிடு. இந்த ஹீட்டரில் சின்னப் பம்ப் ஒன்று காற்றை அழுத்தி நாசிலுக்கு அனுப்புகிறது. அந்தக் காற்றுதான் எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுவருகிறது. ஃபில்டரில் மரத்தூளும் பஞ்சும் அடைத்தால் அழுத்தம் இறங்கும், தீ சோரும். பின்னால் ஒரு கேஜ் இருக்கும். ஓடும்போது முள் எங்கே நிற்கிறது, லேபிள் எவ்வளவு கேட்கிறது என்று ஒப்பிட்டுப் பார். குறைந்தால் உடனே திருகாணியைத் திருப்பாதே, முதலில் ஃபில்டரை மாற்று. அடைப்பு அடைப்பாகவே இருக்கும்போது திருகாணியைத் திருகினால் நாளைக்குப் புது ஃபில்டர் போட்டதும் அழுத்தம் எகிறும், தீ குழாய்க்கு வெளியே நாக்கை நீட்டும்.

நாசில் விஷயத்தில், ஊசியால் குத்தச் சொல்லும் உன் அப்பாவின் யோசனையைக் கேட்காதே. நம் வீட்டுப் பழைய பம்ப் ஸ்டவ் அடைத்துக்கொண்டால் ஆத்தா ஸ்டவ் பின்னை எடுத்து ஒரு குத்துக் குத்தும், தீ சீறிக்கொண்டு வரும். அந்த ஸ்டவ்வுக்கு அது பொருந்தியது. இந்த நாசிலின் ஓட்டை மிக நுட்பமாகத் துளைத்தது. ஊசியால் குத்தினால் ஓட்டை கோணிப்போய் எண்ணெய் ஒரு பக்கமாகத் தெறிக்கும். காற்றடித்துப் பார், போகாவிட்டால் புதிது வாங்கு.

எண்ணெயையும் கவனி. போன வருஷத்து மிச்சத்தை ஊற்றியிருந்தால் வடித்துக் கொட்டிவிட்டு ஒன்-கே மண்ணெண்ணெய் புதிதாக வாங்கு. கேனில் வியர்த்து இறங்கிய தண்ணீர் அந்தக் குளிரில் ஃபில்டருக்குள் பனிக்கட்டியாகி எண்ணெயை மறித்துவிடும். நீ இருக்கும் கனடாவில் மண்ணெண்ணெய்க்கு நீலக் கேன், பெட்ரோலுக்குச் சிவப்பு. கேன்களை மாற்றி வைக்காதே. இங்கே ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டார்கள், அங்கே கேனே நீலம். பெட்ரோல் ஒரு சொட்டுக் கலந்தாலும் இந்த ஹீட்டர் வெடிகுண்டு. பிறகு அந்த மெல்லிய நீள எக்ஸ்டென்ஷன் ஒயர், வீடியோவில் பார்த்தேன். அதில் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் தளரும், பம்ப் தளரும். தடித்த ஒயராக, குட்டையாக வாங்கிக்கொள்.

இதெல்லாம் செய்தால் ஹீட்டர் ஓடும். ஓடினாலும் மூடிய கராஜில் ஓட்டாதே என்றுதான் சொல்வேன். இந்த வகை ஹீட்டருக்கு 1,00,000 பி.டி.யு.வுக்கு 3 சதுர அடி திறப்பு வேண்டும் என்று கையேடுகளிலேயே போட்டிருக்கும். உன்னுடையதற்கு இரண்டேகால் சதுர அடி. வீட்டுக்குள் பயன்படுத்தாதே என்றும் அதே பக்கத்தில் இருக்கும், அதைப் படித்தாயா? கட்டட வேலை நடக்கும் இடத்துக்கும் காற்றோடும் கொட்டகைக்கும் செய்த சாமான் அது. உன் கராஜ் வீட்டோடு ஒட்டியது. அதன் மேல் மாடியில் பாப்பா தூங்குகிறாள்.

காற்று போதாத தீயில் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் ஆசையாக அதைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும். ஜலதோஷம் பிடித்திருக்கிறது என்று நினைத்துப் படுத்துவிடுவோம். ஒரு நாள் கராஜில் வேலை முடித்துவந்து தலை பாரமாக இருந்தது, சீக்கிரம் படுத்துவிட்டேன் என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. குளிர் என்று நினைத்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுபடி அப்படி வந்தால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடு, வெளியே நின்று 911-க்குப் போன் செய்.

2024-ல் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன நம் திருச்சிக்காரர்கள் கரி அடுப்பு இருந்த அறையிலேயே தூங்கினார்கள். இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை. நீ இருக்கும் ஒண்டாரியோவில் 2008 டிசம்பரில் வுட்ஸ்டாக் என்ற ஊரில், புகைபோக்கி அடைத்துக்கொண்ட கேஸ் கணப்பால் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பமே போய்விட்டது. அந்தத் தாய் போலீஸ்காரர். அவர்கள் வீட்டில் அலாரம் இல்லை. அதன் பிறகுதான் 2013-ல் ஹாக்கின்ஸ்–கிக்னாக் சட்டம் என்று அவர்கள் பேரிலேயே சட்டம் போட்டார்கள். கராஜ் ஒட்டிய வீட்டில் படுக்கையறைக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். உன் வீட்டில் இருக்கிறதா, பேட்டரி உயிரோடு இருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டிவிட்டதா என்று இன்றைக்கே பார்.

இந்தக் குளிர்காலத்துக்கு ஒன்று செய். மண்ணெண்ணெய் ஹீட்டரைக் கழுவித் துடைத்து, திறந்த கொட்டகையில் வேலை செய்பவர் யாருக்காவது கொடுத்துவிடு. கராஜுக்கு 240 வோல்ட் மின்சார ஹீட்டர் போடு. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி சர்க்யூட் இழு, நீயே ஒயர் இழுக்காதே. கரண்டு பில் ஏறும், ஏறட்டும். பணம் இடிக்கிறது என்றால் சொல், பொங்கலுக்கு உனக்கு அனுப்ப வைத்திருப்பது இருக்கிறது, கூடக் கொஞ்சம் போட்டு அனுப்புகிறேன். அதுவரை பிரேக் பேட் வேலையைக் கடையில் கொடு.

கேஜ் முள்ளையும் லேபிளையும் போட்டோ எடுத்து அனுப்பு. ஹீட்டர் கை மாறினாலும் வாங்குகிறவருக்குப் பழுது என்னவென்று நீ சரியாகச் சொல்ல வேண்டும். முறுக்காத அந்த இரண்டு ஒயரையும் ஒரு போட்டோ எடு. அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அமுக்கி, அது கத்துவதை வீடியோவாக அனுப்பு. பெரியம்மாவும் கேட்க வேண்டும் என்கிறாள்.

உன்,
பெரியப்பா