காண்டீபம் நழுவியது ஏன்?
மனச்சோர்வும் யோகமும்

பகவத்கீதையின் முதல் அத்தியாயத்துக்கு என்ன பெயர் தெரியுமா? 'அர்ஜுன விஷாத யோகம்'. விஷாதம் என்றால் துயரம், சோர்வு. அந்தச் சோர்வை அர்ஜுனன் எப்படிச் சொல்கிறான் என்று கவனியுங்கள். 'என் கை கால் தளர்கிறது, வாய் உலர்கிறது, உடம்பு நடுங்குகிறது, தோல் எரிகிறது' என்று உடம்பைப் பற்றித்தான் முறையிடுகிறான். அப்போதுதான் காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது!

அர்ஜுனனுக்கு வந்தது நோய் அல்ல. போர்க்களத்தில் வந்த கலக்கம். ஆனால், மனம் சோர்ந்தால் உடம்பும் கூடவே சோரும் என்பதை இதைவிட அழகாக யார் சொல்லியிருக்கிறார்கள்?

நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. 'மனசு சரியில்லை' என்று பெண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'ஒரே அசதி', 'தலைபாரம்', 'ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது' என்றுதான் சொல்வார்கள். விளக்கேற்றுவார்கள், வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போவார்கள். சந்நிதியில் கை மட்டும் கூப்பும், மனம் ஒட்டாது. உடனே, 'எனக்கு பக்தி குறைஞ்சுடுச்சோ, ஏதாவது தெய்வக் குத்தமோ' என்ற குற்ற உணர்ச்சி வேறு!

அது தெய்வக் குத்தமும் இல்லை, பக்திக் குறைவும் இல்லை. பெரும்பாலான நேரம் மனம் கனத்துக் கிடப்பது, பிடித்த விஷயத்திலும் நாட்டம் போவது, தூக்கமும் பசியும் மாறுவது, காரணமே இல்லாமல் தன்னையே நொந்துகொள்வது... இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர்கள் அதை மனச்சோர்வு நோய் என்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறக்குறைய இரு மடங்கு அதிகம். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரி அசதி வரும் என்பதால், முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை நல்லது.

மூளைக்குள் என்ன ஆகிறது?

ஆபத்து வந்தால் நம் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல இருக்கும் அட்ரீனல் சுரப்பி, கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கும். ஓடவோ, எதிர்க்கவோ தெம்பு தருவது அதுதான். ஆபத்து நீங்கியதும் அது தணிய வேண்டும். மனச்சோர்வு உள்ள பலருக்கு அது சரியாகத் தணிவதில்லை. வீட்டில் மோட்டாரை நிறுத்த மறந்தால் தொட்டி வழிந்துகொண்டே இருக்குமே, அதுபோல! இப்படியே நாள்கணக்கில் போனால், நினைவாற்றலுக்குத் துணைநிற்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி பாதிக்கப்படுகிறது. பயத்துக்கும் பதற்றத்துக்கும் மணி அடிக்கும் அமிக்டலா, சின்ன விஷயத்துக்கும் மணி அடிக்கத் தொடங்குகிறது.

இங்கே யோகம் எங்கே வருகிறது? மூச்சு வழியாகத்தான்!

தில்லையில் நடராஜப் பெருமானின் ஆடலைக் கண்டு களித்தவர் என்று நாம் போற்றும் பதஞ்சலி முனிவரின் பெயரில் வழங்கும் யோக சூத்திரம், மனம் சிதறும்போது கூடவே வருபவை என்று நான்கைச் சொல்கிறது. துன்பம், மனத்தளர்ச்சி, உடல் நடுக்கம், ஒழுங்கு கெட்ட மூச்சு. மனம் தெளிய அது காட்டும் வழிகளில் ஒன்று, மூச்சை நிதானமாக வெளியே விட்டு நிறுத்துவது.

இதயத் துடிப்பு நம் பேச்சைக் கேட்காது. கார்ட்டிசாலும் கேட்காது. மூச்சு மட்டும் கேட்கும்! மூச்சை நிதானமாக, நீளமாக வெளியே விடும்போது, மூளையின் அடிப்பகுதியிலிருந்து வயிறு வரை போகும் வேகஸ் நரம்பு வேலை செய்கிறது. இதயம் நிதானமாகிறது, 'ஆபத்து இல்லை' என்ற செய்தி மூளைக்கும் போகிறது.

2001-ல் இத்தாலியில் 23 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கிறிஸ்துவர்களின் ஜபமாலைப் பிரார்த்தனையை லத்தீனில் சொல்லச் சொன்னார்கள். பௌத்த மந்திரம் ஒன்றையும் சொல்லச் சொன்னார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு சுமார் ஆறு முறையாகத் தானே குறைந்தது! நம் சாதாரண மூச்சு 12-க்கும் மேல். பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில் 'ஓம்' உச்சரிப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். உணர்ச்சிகளை ஆளும் பகுதிகள், அமிக்டலா உட்பட, அடங்கியிருந்தன. வெறும் 'ஸ்ஸ்' ஒலிக்கு அப்படி ஆகவில்லை.

ஆசனத்துக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் பாஸ்டனில் 2007-ல் வெளிவந்த ஆய்வில், ஒரு மணி நேரம் ஆசனம் செய்தவர்களின் மூளையில் 'காபா' என்ற ரசாயனம் 27 சதவிகிதம் கூடியிருந்தது. மூளையின் பரபரப்புக்கு பிரேக் போடுவது இதுதான். அதே நேரம் புத்தகம் படித்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

இவையெல்லாம் சிலரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுகள். அதையும் சொல்லிவிட வேண்டும். தவிர, குக்கர் விசிலுக்கும் ஸ்கூல் வேனுக்கும் நடுவே விரட்டி விரட்டிச் சொல்லும் ஸ்லோகத்திடம் இந்தப் பலனை எதிர்பார்க்கக் கூடாது!

மாத்திரையை நிறுத்தலாமா?

யோகா வகுப்பில் சேர்ந்த பத்தாம் நாள், 'இப்ப நல்லா இருக்கேன், மாத்திரை எதுக்கு?' என்று தாங்களாகவே நிறுத்திவிடுபவர்கள் நிறைய. தயவுசெய்து செய்யாதீர்கள்! திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு வரலாம், நோயும் திரும்பலாம்.

நிமான்ஸிலேயே 2000-ல் வெளியான ஓர் ஆய்வு இதைப் புரியவைக்கும். கடுமையான மனச்சோர்வோடு சேர்க்கப்பட்ட 45 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, நான்கு வாரம் கவனித்தார்கள். மின் அதிர்வு சிகிச்சை பெற்றவர்களில் 93 சதவிகிதம் பேரும், மாத்திரை சாப்பிட்டவர்களில் 73 சதவிகிதம் பேரும், சுதர்சன க்ரியா என்ற மூச்சுப் பயிற்சி செய்தவர்களில் 67 சதவிகிதம் பேரும் தேறினார்கள். மூச்சுப் பயிற்சி மாத்திரைக்குப் பக்கத்தில் வந்தது ஆச்சரியம்தான். ஆனால், அவர்கள் மருத்துவமனையில், டாக்டர்களின் கண்காணிப்பில் இருந்தவர்கள். நாம் மொட்டை மாடியில் தனியாகச் செய்வது வேறு. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்ல வேண்டியது.

எப்படித் தொடங்குவது? படுக்கையை விட்டு எழவே மனமில்லாத நாளில் சூரிய நமஸ்காரம் பற்றிப் பேசுவது கொடுமை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சை இழுத்துக்கொண்டே இரு கைகளையும் மேலே தூக்குங்கள். மூச்சை விட்டுக்கொண்டே இறக்குங்கள். ஆறு முறை போதும். பிறகு நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். முடிவில் நிதானமாகச் சில முறை ஓங்காரமோ, இஷ்ட தெய்வத்தின் நாமமோ சொல்லுங்கள். உடம்பு பழகியபின் ஆசனங்களை ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளலாம். தினமும் கால் மணி நேரம் செய்வது, ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் செய்வதைவிட மேல்.

கபாலபாதி, பஸ்த்ரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகள் கர்ப்பிணிகளுக்கும், ரத்த அழுத்தம், வலிப்பு உள்ளவர்களுக்கும் ஆகாது. ஒரேயடியாக உற்சாகம், பிறகு ஒரேயடியாகச் சோர்வு என்று மாறி மாறி வருபவர்களும் தவிர்க்க வேண்டும். அதேபோல, சோர்வு முற்றியிருக்கும்போது கண்ணை மூடி நெடுநேரம் தனியாகத் தியானம் செய்வது, வேண்டாத எண்ணங்களையே சுற்றிச்சுற்றி வரவைக்கலாம். அப்போது வாய்விட்டுச் சொல்லும் பாராயணமும், நாலு பேரோடு கோயில் பிராகாரம் சுற்றுவதும் மேல்.

'இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், அன்றைக்கு யோகா, பரிகாரம் எதற்கும் காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மனஸ்' சேவையின் எண் 14416. 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே!