குளிர் மலையிலும் வெள்ளரி காய்க்கும்



"ஐயா, காசு குடுத்து ஒரு பைக்கட்டு வெள்ளரி விதை வாங்கிப் போட்டேன். ஒண்ணுகூட முளைக்கல்ல. கடைக்காரன் பழைய விதையைத் தந்துட்டான்" என்று லயத்தில் ஒரு அக்கா குறைப்பட்டார். எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். பொங்கல் முடிந்த மறுநாள் என்றார். பிழை விதையில் இல்லை, மண்ணின் குளிரில்தான் இருக்கிறது.

வெள்ளரி சூட்டை விரும்பும் கொடி. மண் 15 பாகை செல்சியசுக்குக் குறைந்தால் விதை முளைக்காமல் அழுகிப் போகும். 6,000 அடிக்கு மேலே இருக்கும் நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் உறைபனியும் விழுவதுண்டு. அது பட்டால் கொடி ஒரே இரவில் கருகிவிடும். ஆகவே நாம் கவனிக்க வேண்டிய முதல் காரியம், கொடிக்குச் சூடு தேடிக் கொடுப்பது.

1. நாற்று: பெப்ரவரி முற்பகுதியில் வெறும் பால்மா பைக்கட்டின் அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் மக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்புங்கள். அரை அங்குல ஆழத்தில் 2 விதை போடுங்கள். இரவில் அடுப்பங்கரையில் வையுங்கள். முளைத்ததும் பகலில் வெயிலில் வைத்து, மாலையில் உள்ளே எடுங்கள். நல்ல கன்றை விட்டு மற்றதை வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் நல்ல கன்றின் வேரும் ஆடும்.

2. மண்: தேயிலை மண் புளிப்பு மண். அது வெள்ளரிக்கு ஆகாது. நடுவதற்கு 2 வாரம் முன்பே குழிக்கு ஒரு கைப்பிடி டொலமைட்டும் கூட்டெருவும் கலந்து, மண்ணை மேடாக அணையுங்கள். காற்று அடிக்காத, காலை வெயில் படும் சுவர் ஓரம் நல்லது. தேயிலைக்குப் போடும் பசளையைப் போடாதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் செழிக்கும், காய் குறையும்.

3. நடுதல்: மார்ச் நடுவில், மண் உடையாமல் பைக்கட்டைக் கிழித்து, 2 அடிக்கு ஒரு கன்றாக நடுங்கள். முதல் 2 வாரம் இரவில் பொலித்தீனால் மூடி, காலையில் திறந்துவிடுங்கள். கம்பு நட்டுக் கொடியை மேலே ஏற்றுங்கள். தண்ணீரைக் காலையில் அடியில் ஊற்றுங்கள். மாலையில் இலை நனைந்தால் பூஞ்சண நோய் வரும்.

4. பூ: முதலில் வரும் பூ எல்லாம் கொட்டிப் போகும். "இது மலட்டுக் கொடி" என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்! அவை ஆண் பூக்கள். அடியில் பிஞ்சு போல இருப்பதே பெண் பூ. அது பின்னால்தான் வரும். மழையும் மூடுபனியுமாக இருந்தால் தேனீ வராது. அப்போது காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள்.

5. மருந்து: தேயிலை மலைக்கு அடித்து மிஞ்சிய கிருமிநாசினியை வீட்டுத் தோட்டத்தில் அடிக்கவே கூடாது. வெள்ளரியைப் பிள்ளைகள் கழுவாமல்கூடக் கடித்துத் தின்பார்கள். தேனீயும் செத்துப் போகும். நோய் பிடித்த இலையைக் கிள்ளி எரித்துவிடுங்கள்.

6. பறித்தல்: மே மாதம் காய் பறிக்கலாம். காய் 6 முதல் 8 அங்குலம் வந்ததும் பறியுங்கள். மஞ்சளாகும் வரை விட்டால் கொடி புதுப் பிஞ்சு விடாது. குளிராலும் தண்ணீர் குறைவாலும் சில காய் கசக்கும். காம்புப் பக்கம் ஒரு துண்டு வெட்டி ருசி பாருங்கள். கடுமையாகக் கசந்தால் சாப்பிட வேண்டாம்.

மேலே சொன்ன அக்கா அடுத்த வருடம் அடுப்பங்கரையில் 5 பைக்கட்டில் நாற்றுப் போட்டார். 4 கொடி காய்த்தது. கடையில் காசு கொடுக்காமல், பிள்ளைகளின் சோற்றுக்குப் பச்சையாக ஒரு கறி. நாமும் 2 கொடியிலாவது தொடங்கிப் பார்ப்போம்.