ஹீட் சிங்க்கை ஒழுங்காகப் பொருத்துவோமா?

மணலியில் எங்கள் தெருவில் ஒரு மாணவி இருக்கிறாள். பொறியியல் கவுன்சிலிங்கிற்குக் கல்லூரிப் பட்டியலைப் பதிவு செய்யக் கடைசி நாள் அது. பகல் இரண்டு மணிக்குக் கம்ப்யூட்டர் தானாக நின்றுவிட்டது. மறுபடி போட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி நிற்கிறது. "வைரஸா அங்கிள்?" என்று கேட்டபடி ஓடி வந்தாள்.

வைரஸ் இல்லை. பயாஸில் பார்த்தேன், பிராசசரின் வெப்பம் 92 டிகிரி செல்சியஸ்! கேபினெட்டைத் திறந்தேன். டிரெய்லர் லாரிகள் கிளப்பும் புழுதி ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் பஞ்சுபோல் அடைத்திருந்தது. அதைவிட முக்கியமான விஷயம், ஹீட் சிங்க்கின் நான்கு கால்களில் இரண்டு மேலே எழும்பியிருந்தன.

ஹீட் சிங்க் என்ன செய்கிறது?

பிராசசர் வாங்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிறது. இன்றைய வீட்டுக் கம்ப்யூட்டர் பிராசசர்கள் பலவற்றில் இது 65 வாட் என்று குறிப்பிடப்படுகிறது. ஒவ்வொரு வாட்டுக்கும் அரை டிகிரி ஏறும் ஹீட் சிங்க் என்றால் 32 டிகிரிக்குச் சற்று மேல் ஏறும். மே மாத மணலியில் அறையே 40 டிகிரி என்றால் மொத்தம் 72ஐத் தாண்டும். இது பரவாயில்லை. ஆனால் இடையில் காற்று புகுந்தால் கணக்கு கெட்டுவிடும். 100 டிகிரியை நெருங்கும்போது பிராசசர் முதலில் வேகத்தைக் குறைக்கும். பிறகும் வெப்பம் ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும்.

பளபளவென்று தெரியும் உலோகப் பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டு. அவற்றில் தங்கும் காற்று வெப்பத்தைக் கடத்தாது. அதை வெளியேற்றத்தான் தெர்மல் பேஸ்ட். காற்றைவிடப் பேஸ்ட் பல மடங்கு நன்றாகக் கடத்தும். ஆனால் அலுமினியம், செம்பைவிட மிகக் குறைவாகத்தான் கடத்தும். ஆகவே அள்ளிப் பூசினால் அதுவே தடையாகிவிடும்.

நான் பட்ட பாடு

நான் உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரன். 2004 டிசம்பர் சுனாமியில் அந்தமானில் தொலைபேசிகள் ஓய்ந்தபோது செய்தி சுமந்தது இந்த ரேடியோதான். என் செட்டுக்கு ஒரு பவர் ஆம்ப்ளிஃபயர் மாடுல் வாங்கினேன். இவ்வகைக்கு உதாரணம் மிட்சுபிஷியின் ஆர்.ஏ.30எச்1317எம். வெளியே தருவது 30 வாட். திறன் 40 சதவீதம் என்று கொண்டால் உள்ளே 75 வாட் போகிறது. மீதி 45 வாட் வெப்பம்! காசிமேட்டுப் படகுகளில் உள்ள 25 வாட் வி.எச்.எஃப். செட்டுகளின் முதுகில் வரிவரியாக அலுமினியம் இருப்பதும் இதற்காகத்தான்.

அலுமினியத்தில் துளை போட்டேன். துளையோரப் பிசிறை ராவி எடுக்கவில்லை. ஒரு திருகை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனேன். உள்ளே இருந்த பீங்கான் தகடு வளைந்து விரிசல் விட்டது. தப்பு முழுக்க என்னுடையது.

இத்தகைய மாடுலுக்கான குறிப்பேடு சொல்வது: ஹீட் சிங்க்கின் சமதளம் 50 மைக்ரானுக்குள், அதாவது 0.05 மில்லிமீட்டருக்குள், இருக்க வேண்டும். முதலில் திருகு, பிறகுதான் கால்களுக்குச் சால்டரிங். இறுக்கம் 0.4 முதல் 0.6 நியூட்டன் மீட்டர். ஆடியோ டிரான்சிஸ்டருக்கு வைப்பதுபோல் இதற்கு மைக்கா வைக்காதீர்கள். பின்புறத் தகடுதான் இதற்கு எர்த்.

உங்கள் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

1. சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள், பேஸ்ட் இளகும். பிளக்கைப் பிடுங்கி, கேபினெட் உலோகத்தை ஒருமுறை தொடுங்கள்.

2. ஃபேன் வயரைக் கழற்றுங்கள். நான்கு கால் வகையில் அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பித் தூக்குங்கள். பிராசசரின் அடியில் ஊசிகள் உள்ள வகையென்றால் இப்படியும் அப்படியும் மெல்லத் திருகி எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பிராசசரும் சேர்ந்து வந்துவிடும்!

3. ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தூசியை நீக்குங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடையுங்கள்.

4. நடுவில் சின்னப் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் போதும்.

5. கால்களைப் பழைய நிலைக்குத் திருப்பி, எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். திருகு வகையென்றால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, மூலைக்கு மூலை மாறி இறுக்குங்கள். லேசாக அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது.

6. ஃபேன் வயரை மறக்காமல் மாட்டி, பயாஸில் வெப்பத்தைப் பாருங்கள்.

மாணவியின் கம்ப்யூட்டரில் 92 டிகிரி 54 ஆகக் குறைந்தது. அரை மணி நேர வேலைதான். மாலைக்குள் பட்டியலைப் பதிவு செய்துவிட்டாள்.

உங்கள் கம்ப்யூட்டர் வெயில் நேரத்தில் மட்டும் நிற்கிறதா? விண்டோஸை மறுபடி நிறுவும் முன், புதிய உதிரிபாகம் வாங்கும் முன், ஹீட் சிங்க்கை ஒருமுறை தொட்டு அசைத்துப் பாருங்கள். நிறுத்திய பிறகுதான், சரியா?