இரண்டு மணிக்கே விழிப்பு

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். ராத்திரி இரண்டு மணிக்கே எழும்பி உட்கார்ந்துகொள்கிறார். தூக்க மாத்திரை கொடுக்கலாமா?
– வாசகி, ராகலை

பதில்: நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள் மகள். மாத்திரை மயக்கத்தில் லயத்துப் படியில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அம்மா எத்தனை மணிக்குப் படுக்கிறார்? ஏழு மணிக்கே கம்பளிக்குள் போகிறவருக்கு இரண்டு மணிக்கு ஏழு மணித்தியாலத் தூக்கம் முடிந்துவிடுகிறதே! ஒன்பதரை வரை பேச்சுக் கொடுத்து உட்கார வையுங்கள். பகல் தூக்கம் அரை மணித்தியாலம் போதும். கடைசித் தேத்தண்ணி மத்தியானத்தோடு நிற்கட்டும். அதிலுள்ள கஃபீனில் பாதி கரையவே ஐந்து மணித்தியாலம்போல ஆகும். (மலையகத்தில் இதைச் சொல்ல எனக்கே பயம்தான்.) காலை வெயிலில் கொஞ்சம் நடக்கட்டும். குளிருக்குக் காலுறை போடுங்கள். பூட்டிய காம்பராவில் கரிநெருப்பு வைத்தால் உயிருக்கே ஆபத்து. குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறினால் டாக்டரிடம் காட்டுங்கள்.