மூச்சு மிச்சம் இருக்கும்போதே உட்கார்

தேவாரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது.

போன கீமோ முடிந்து ஊருக்கு வந்தாயே, அன்று வாசற்படி ஏறும்போது உன் வலது கால் செருப்பு கழன்று படியிலேயே கிடந்தது. நீ கவனிக்கவில்லை. உன் அம்மா எடுத்து ஓரமாக வைத்தாள். 30 வருடம் பள்ளிக்கூட கிரவுண்டில் பிள்ளைகளின் காலைப் பார்த்தே பழகியவன் நான். உன் முன்பாதம் சரியாகத் தூக்கவில்லை. நாற்காலியை விட்டு எழும்போதும் கையை ஊன்றித்தான் எழுந்தாய்.

இது சோம்பல் இல்லையடா. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் மருந்து நரம்பைப் பாதிக்கும். விரல் மரத்துப்போகும், பாதம் தொய்யும். ஸ்டீராய்டு தொடைச் சதையை வற்ற வைக்கும். செருப்பு கழன்றதை அடுத்த முறை டாக்டரிடம் மறக்காமல் சொல். பிசியோதெரபிஸ்ட் பார்க்க வேண்டும் என்று நீயே கேள்.

அம்மா உன்னைக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. நீயோ அவள் கண்ணை மறைத்துத் தண்டால் எடுக்கிறாயாம். இரண்டும் வேண்டாம். படுத்தே கிடந்தால் இருக்கிற சதையும் போய்விடும். பிளேட்லெட் குறைந்திருக்கும்போது தம் கட்டினால் ரத்தம் கசியலாம். ஹீமோகுளோபின் இறங்கியிருந்தால் தலை சுற்றி விழுவாய். அதனால் அன்றைய ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து, இன்று இவ்வளவு போதும் என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி இழுப்பது, பேசிக்கொண்டே வராந்தாவில் நடப்பது – இவற்றில் எது, எத்தனை தடவை என்பதை பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும். மருந்துக் குழாய் இருக்கும் கையால் பாரம் தூக்காதே. சுருளி அருவிக் குளியலை இப்போதைக்கு மறந்துவிடு. காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் பயிற்சி கிடையாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

இதெல்லாம் வாத்தியார் மாமாவின் ஆசைக்காகச் சொல்வதல்ல. ஆஸ்திரேலியாவின் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2018-லேயே, உடற்பயிற்சியைச் சிகிச்சையோடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று அறிவித்துவிட்டது.

யுவராஜ் சிங்கைப் பற்றிக் கேட்டாய். 2012 மார்ச்சில் கீமோ முடித்தவர், செப்டம்பர் 11-ஆம் தேதி சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராக மட்டையோடு இறங்கினார். அந்த நாளை மட்டும் பார்க்காதே. சிகிச்சை முடிந்த பிறகும் இடையில் ஐந்தாறு மாதம் போயிருக்கிறது. உனக்கோ சிகிச்சையே இன்னும் முடியவில்லை.

உன் தாத்தா ஏலத் தோட்டத்துக்குச் சாக்குலூத்து மெட்டு வழியாக நடந்தே ஏறியவர். அவரோடு போகும்போது பார்த்திருக்கிறேன்: மூச்சு வாங்குவதற்கு முன்பே சுமையை இறக்கி உட்கார்ந்துவிடுவார். நானோ துடிப்பாக முன்னால் ஓடி, பாதி மலையில் சுருண்டு கிடப்பேன். அவர் நிதானமாக வந்து என்னையும் எழுப்பிக் கூட்டிப்போவார். கிரவுண்டில் உங்களிடமெல்லாம் 'இன்னும் ஒரு ரவுண்டு' என்று கத்தியவன்தான் சொல்கிறேன்: இப்போது உன் பயிற்சி, ஒரு ரவுண்டு மிச்சம் இருக்கும்போதே நிறுத்துவது. நாளைக்கும் எழுந்து நடக்கத் தெம்பு வேண்டும்.

வியாழக்கிழமை மதுரைக்கு வருகிறேன். பிசியோதெரபிஸ்ட் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்வோம். அம்மாவும் கூட இருக்கட்டும், அவள் பயமும் தெளியும். குதிகாலில் வார் வைத்த செருப்பு ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன், அதையும் கொண்டுவருகிறேன். அதுவரை தனியாகப் படி ஏறாதே.

உன் அன்பு மாமா