அபாயத்தை முன்னரே காணும் பரீட்சை

பள்ளிக்கூடத்தை அடுத்த சாலையின் குறுக்கே ஒரு பந்து உருண்டு வருகிறது. பந்தினால் வண்டிக்குத் தீங்கு ஒன்றும் இல்லை. ஆயினும், அதன் பின்னே ஒரு குழந்தை ஓடி வரக்கூடும் என்பதைப் பந்தைக் கண்ட மாத்திரத்தில் உணர்ந்து வேகத்தைத் தணிப்பவரே தேர்ந்த ஓட்டுநர் ஆவார். இவ்வுணர்வைப் பரீட்சை வைத்து அளக்க இயலுமா? இயலும் என்று பிரிட்டனில் செய்து காட்டியிருக்கின்றனர்.

அந்நாட்டில் வண்டி ஓட்டிக் காட்டும் பரீட்சை 1935-ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. சாலை விதிகளைப் பற்றிப் பரீட்சை அதிகாரி வாய்மொழியாகவே சில கேள்விகள் கேட்டு வந்தார். 1996-இல் இதற்கெனத் தனிப் பரீட்சை ஏற்பட்டது. கார் ஓட்டப் பழகுவோர் 57 நிமிஷங்களில் 50 கேள்விகளைக் கண்டு, 43-க்கேனும் சரியான விடை அளித்தல் வேண்டும். விதிகளை மனப்பாடம் செய்தவர் இதில் எளிதில் தேறிவிடலாம். சாலையில் தேறுவாரா என்பது வேறு விஷயம். ஆகவே 2002-இல் அபாயம் உணரும் பரீட்சையும் இதனுடன் சேர்க்கப்பட்டது.

அதன் முறை யாதெனில், ஓட்டுநரின் கண்ணுக்குத் தோன்றுவது போன்ற 14 சலனக் காட்சிகள் கணிப்பொறித் திரையில் காட்டப்படும். ஓரத்தில் ஒரு கார் நிற்கிறது; அது நிற்கும் வரையில் கவனத்திற்குரியது மட்டுமே. அது விளக்குச் சைகை காட்டி நகரத் தொடங்கினால், நாம் வேகத்தையோ திசையையோ மாற்றியாக வேண்டும். அந்தத் தொடக்கத்தை உணர்ந்தவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். உடனே அழுத்தினால் 5 மதிப்பெண். தாமதிக்கத் தாமதிக்க அது குறைந்து பூஜ்யமாகும். ஒரு காட்சியில் மட்டும் இரண்டு அபாயங்கள் வரும். ஆக மொத்தம் 75-க்கு 44 பெற வேண்டும். ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் பலிக்குமே என்று எண்ணுபவரும் உண்டு. அவ்வாறு செய்தால் அக்காட்சிக்கு மதிப்பெண்ணே கிடையாது!

நொடிக்கு இத்தனை மதிப்பு ஏன்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு வினாடியில் ஏறக்குறைய 55 அடி கடந்துவிடுகிறது.

நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பழகுநர் உரிமம் கோருவோரிடம் சாலைக் குறிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் ஆற்றவேண்டிய கடமைகள், ஆளில்லா ரயில்வே கடவையைக் கடக்கும் முறை முதலியன பற்றிக் கேள்விகள் கேட்கப்படுகின்றன. நூற்றுக்கு 60 பங்கு சரியாக இருத்தல் போதும். சலனக் காட்சிப் பரீட்சை இவ்விதிகளில் இல்லை. அது வரும் வரையில் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

அனுபவம் மிக்க ஓட்டுநர் ஒருவர் காரை ஓட்ட, பழகும் இளைஞர் பக்கத்தில் அமர்ந்து, அடுத்து என்ன நேரக்கூடும் என்பதை வாய்விட்டுச் சொல்லி வரலாம். ஓர் ஆடு சாலையைக் கடந்தால் மந்தை முழுவதும் பின்தொடரும். உளுந்துச் செடியைப் பரப்பியிருக்கும் இடத்தில் எதிரே வரும் லாரி நம் பக்கம் ஒதுங்கும். கரும்பு ஏற்றிய டிராக்டர், வரப்புப் பாதையிலிருந்து திடீரெனச் சாலையில் ஏறும். இவையெல்லாம் பிரிட்டனின் காட்சிகளில் எங்ஙனம் இருக்கும்? பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தத்தம் ஊரில் இத்தகைய இடங்களைக் குறித்து, பழகும் இளைஞர்களுக்குக் காட்டுவது நலம். ஒருமுறை இரவிலும் அவ்விடங்களுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பின்விளக்கு இல்லாத மாட்டு வண்டியைப் பகலில் பார்த்துப் பழகிப் பயனில்லை.